இணைய முகவரியில் கங்கைகொண்ட சோழபுரம்

தமிழ் விக்கிப்பீடியாவில் பெரம்பலூர் மாவட்டம் பற்றிய கட்டுரையைத் திறந்தால், உலாவியின் முகவரிப் பட்டையில் மாவட்டத்தின் பெயர் தமிழிலேயே தெரியும். அந்த முகவரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் யாருக்காவது அனுப்பினால், பெரும்பாலும் போய்ச் சேருவது வேறொன்று: சதவீதக் குறியும் எண்ணும் ரோமன் எழுத்தும் மாறி மாறி வரும் நீண்ட சரம். ‘பெரம்பலூர்’ நம் கணக்கில் ஆறெழுத்து. அந்தச் சரத்தில் அது 90 குறிகளாக விரிகிறது. ‘மாவட்டம்’ 72. இரண்டுக்கும் நடுவில் இடைவெளிக்குப் பதிலாக ஓர் அடிக்கோடு. ஆக மொத்தம் 163. ரோமன் எழுத்தில் அனுப்பும் ஒரு குறுஞ்செய்தியின் எல்லை 160 குறிகள். தளத்தின் பெயரைச் சேர்க்காமலே, மாவட்டத்தின் பெயர் மட்டும் அந்த எல்லையைத் தாண்டிவிடுகிறது. அரியலூர் சற்றுச் சின்ன பெயர் என்பதால் 145-இல் நிற்கிறது.

பார்க்கிறவர்கள் இதை வைரஸ் லிங்க் என்று நினைத்து அழித்துவிடுவதும் உண்டு. அதனாலேயே, ‘முகவரியில் தமிழ் வேண்டாம், இங்கிலீஷிலேயே வைத்துவிடலாம்’ என்ற முடிவு மென்பொருள் அலுவலகங்களில் சட்டென்று எடுக்கப்படுகிறது. அது தவறான முடிவு என்பது என் கருத்து. தமிழ் ஊர்ப்பெயரை முகவரியில் வைப்பதற்கு விதி எதுவும் தடையாக இல்லை. தடை, நிரல்கள் அந்தப் பெயரை நடுவழியில் கையாளும் விதத்தில் இருக்கிறது. அதைத் திருத்த முடியும்.

முதலில் விதியைப் பார்ப்போம். இணைய முகவரியின் இலக்கணமாக 1994 டிசம்பரில் வெளிவந்தது ஆர்.எஃப்.சி. 1738 என்ற ஆவணம். டிம் பெர்னர்ஸ்-லீ அதை எழுதிய மூவரில் ஒருவர். இன்று நடப்பிலிருப்பது 2005 ஜனவரியில் வந்த ஆர்.எஃப்.சி. 3986. அதன்படி எந்தத் தடையுமில்லாமல் எங்கும் வரத்தக்கவை 66 குறிகளே. ரோமன் எழுத்துகள் 52, எண்கள் 10, இவற்றோடு சிறுகோடு, புள்ளி, அடிக்கோடு, அலைக்கோடு. சாய்கோடு, கேள்விக்குறி போன்ற சில, முகவரியின் உறுப்புகளைப் பிரித்துக் காட்டும் வேலைக்கென்று ஒதுக்கப்பட்டவை. மற்ற எதுவானாலும், அது தமிழோ சீனமோ பிரெஞ்சின் தலைக்கோடிட்ட எழுத்தோ வெறும் இடைவெளியோ, பைட்டுகளாக்கி ஒவ்வொரு பைட்டுக்கும் முன்னால் சதவீதக் குறியிட்டு, பதினாறை அடியாகக் கொண்ட எண்முறையில் எழுதப்பட வேண்டும்.

தமிழ் எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் முறை யூ.டி.எஃப்-8. 1992-இல் கென் தாம்சனும் ராப் பைக்கும் வகுத்தது. அதில் ‘ப’ என்பது மூன்று பைட்டுகள்: 224, 174, 170. உயிர்மெய்யை யுனிகோடு ஒரே எழுத்தாக வைத்துக்கொள்வதில்லை. மெய்யின் உருவத்துக்கு ஒரு குறியீடு, கொம்புக்கோ சுழிக்கோ புள்ளிக்கோ தனியாக ஒரு குறியீடு. ‘பெரம்பலூர்’ இப்படிப் பத்துக் குறியீடுகளாகிறது. ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டு, ஒவ்வொரு பைட்டுக்கும் முகவரியில் மூன்று குறி. 90 வந்த கணக்கு இதுதான். 3986 வெளிவந்த அதே மாதத்தில் வந்த இன்னொரு ஆவணமான 3987, உலகின் எந்த எழுத்திலும் முகவரியை எழுதலாம், காட்டலாம் என்றது. உலாவி நமக்குத் தமிழில் காட்டிவிட்டு உள்ளே சதவீதக் குறிகளாக அனுப்புவது இந்த ஏற்பாட்டின்படி. ஆகவே வாட்ஸ்அப்பில் வரும் நீளச் சரம் பிழையல்ல. அதே முகவரி மேலாடை இல்லாமல் தெரிகிறது, அவ்வளவுதான்.

இடைவெளியை ஏன் விலக்கினார்கள் என்பதற்கு 1994 ஆவணமே காரணம் சொல்கிறது. முகவரியைக் கையால் எழுதும்போதும் அச்சுக்கோக்கும்போதும் இருக்கிற இடைவெளி தொலைந்துபோகலாம், இல்லாத இடைவெளி புகுந்துவிடலாம். தமிழ் அச்சைப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு உண்மை என்று தெரியும். எனவே இடைவெளிக்கு முகவரியில் %20 என்று எழுத வேண்டும். ஆனால் உலாவியில் ஒரு படிவத்தை நிரப்பி அனுப்பும்போது, கேள்விக்குறிக்குப் பின்னால் வரும் பகுதியில், இடைவெளி கூட்டல் குறியாக மாறுகிறது. படிவங்களுக்கென்று தனியாக வந்த வழக்கம் அது. ஒரே முகவரியில் கேள்விக்குறிக்கு முன்னால் வரும் கூட்டல் குறி கூட்டல் குறியேதான். பின்னால் வருவது இடைவெளி. செல்பேசி எண்ணை +91 என்று தொடங்கி அப்படியே முகவரியில் ஒட்டினால், சர்வருக்குக் கிடைப்பது முன்னால் ஓர் இடைவெளியும் 91-உம். ஓ.டி.பி. வரவில்லை என்று காத்திருப்பவருக்கு இந்தக் காரணம் ஒருபோதும் தெரியவராது.

இரட்டைக் குறியேற்றம் இன்னொரு தொல்லை. பதினாறடி எண்முறையில் சதவீதக் குறியின் எண் 25. ஏற்கெனவே %20 ஆன இடைவெளியை இன்னொரு நிரல் மறுபடியும் மாற்றினால் %2520 கிடைக்கும். கோப்பின் பெயரில் இடைவெளி இருந்த இடத்தில் %20 என்றே எழுதியிருக்கும் கோப்பைச் சர்வர் தேடும், கிடைக்காது, 404 என்று கையை விரிக்கும். குறியேற்றம் ஒரே இடத்தில், ஒரே முறை நடக்க வேண்டும். முகவரியைக் கோக்கும் அந்தக் கணத்தில் நடப்பதே சரி. தரவுத்தளத்தில் ‘ரஞ்சன்குடி கோட்டை’ என்ற பெயர் இடைவெளியோடு, சுத்தத் தமிழில் இருக்க வேண்டும்.

ஜாவாஸ்கிரிப்ட்டில் இந்த வேலைக்கு இரண்டு செயற்கூறுகள் உண்டு. ஒன்று முழு முகவரிக்கானது, மற்றொன்று முகவரிக்குள் செருகும் ஓர் உறுப்புக்கானது. முன்னது சாய்கோட்டையும் & குறியையும் தொடாது, பின்னது அவற்றையும் மாற்றிவிடும். இரண்டையும் குழப்பினால் என்ன ஆகும் என்பதைக் காண நம் நிலப்பதிவேடே போதும். புல எண் 112, உட்பிரிவு 3 என்பதை 112/3 என்று எழுதுவது நம் வழக்கம். வேப்பந்தட்டை வட்டத்தில் ஒரு நிலத்தின் விவரத்தைக் காட்டும் செயலி, புல எண்ணை அப்படியே முகவரியின் பாதையில் வைத்தால், 112 ஓர் அடுக்காகவும் 3 அதற்குள் இன்னோர் அடுக்காகவும் பிரிந்துவிடும். சாய்கோட்டைக் குறியேற்றி அனுப்பினாலும் முடியவில்லை. அப்பாச்சி சர்வர், அமைப்பில் மாற்றாதவரை, குறியேற்றிய சாய்கோடு பாதையில் வந்தால் 404 என்றே பதில் தரும். புல எண்ணையும் உட்பிரிவையும் கேள்விக்குறிக்குப் பின்னால் இரண்டு தனிக் களங்களாக அனுப்புவதே நல்ல வழி. பதிவேட்டிலும் அவை இரண்டு களங்கள்தானே.

இதுவரை சொன்னவை எந்த மொழிக்கும் பொது. தமிழுக்கே உரிய சிக்கலைக் காண அரியலூர் மாவட்டத்தின் பெரும்புகழ் பெற்ற ஊருக்குப் போக வேண்டும். இராஜேந்திர சோழன் எழுப்பிய தலைநகர்; அதன் கோயில் 2004 முதல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னம். அதன் பெயரைக் கங்கைகொண்ட சோழபுரம் என்று எழுதுகிறோம், கங்கைகொண்டசோழபுரம் என்று சேர்த்தும் எழுதுகிறோம், கங்கை கொண்ட சோழபுரம் என்று பிரித்தும் எழுதுகிறோம். எதையும் தவறென்று தள்ள முடியாது. சொற்களுக்கிடையே இடம் விடுவதே அச்சு நிலைப்படுத்திய பழக்கம். சோழர் கல்வெட்டுகளில் சொற்கள் தொடர்ந்து ஓடும். சாத்தனூர் கல்மரப் பூங்காவும் இப்படித்தான். கல்மரப்பூங்கா, கல்மர பூங்கா என்று ஒற்றோடும் ஒற்றில்லாமலும் எழுதுவார்கள். கணினிக்கு ஒவ்வொன்றும் வெவ்வேறு முகவரி.

இடைவெளியைச் சரிசெய்த பிறகும் ஒரு வேறுபாடு மிஞ்சும். அது கண்ணுக்கே தெரியாது. ‘கொ’ என்பதை யுனிகோட்டில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ககரத்தோடு ஒகரக் குறி ஒன்றைச் சேர்த்து, அல்லது ககரத்தோடு ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியே சேர்த்து. ‘சோ’வும் அப்படியே. திரையிலும் தாளிலும் துளி வித்தியாசம் இருக்காது. ஆனால் முதல் முறையில், நடுவில் ஓர் அடிக்கோட்டுடன், கங்கைகொண்ட சோழபுரம் 163 குறிகள். இரண்டாம் முறையில் 181. அரியலூர் மாவட்டத்தின் தென்னெல்லையில் ஓடும் கொள்ளிடத்துக்கும் இதே கதி.

இரண்டாம் முறை எங்கிருந்து வருகிறது? பழைய எழுத்துருக்களில் கொம்பும் காலும் தனித்தனி விசைகள். அந்த எழுத்துருவில் அடித்த கோப்பை யுனிகோட்டுக்கு மாற்றும் கருவி கவனமில்லாமல் எழுதப்பட்டிருந்தால், கொம்பும் காலும் தனித்தனியாகவே வந்து சேரும். மேக் கணினிகளில் பல்லாண்டு இருந்த எச்.எஃப்.எஸ். பிளஸ் கோப்பு முறை, கோப்புப் பெயர்களைப் பிரித்த வடிவில்தான் சேமித்தது. அதில் ‘கொள்ளிடம்’ என்று பெயரிட்ட படத்தை லினக்ஸ் சர்வரில் ஏற்றி, வேறொரு கணினியில் தட்டச்சிட்ட இணைப்பைக் கொடுத்தால் படம் வராது. இரண்டு பெயரையும் அருகருகே வைத்துப் பார்த்தாலும் காரணம் பிடிபடாது. பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் தலைக்கோட்டு எழுத்துகளோடு பட்ட அவதியும் இதேதான். தலைக்கோடிட்ட எழுத்தை ஒரே குறியீடாகவும் வைக்கலாம், எழுத்து வேறு கோடு வேறாகவும் வைக்கலாம்.

இதற்கு மருந்து உண்டு. யுனிகோடு வகுத்த இயல்பாக்கம் இரண்டையும் ஒரே வடிவாக்கித் தரும். விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி மென்பொருள், வருகிற தலைப்பையெல்லாம் சேர்த்த வடிவுக்கு மாற்றிவிட்டுத்தான் தேடுகிறது. அதனால் எந்த விசைப்பலகையில் அடித்தாலும் அங்கே ஊர் கிடைக்கிறது. பெயர் உள்ளே நுழையும் வாசலில் ஒரே ஒரு வரி நிரல் போதும். பல செயலிகளில் அந்த ஒரு வரி இல்லை என்பது வருத்தத்துக்குரியது.

இயல்பாக்கத்துக்கும் பிடிபடாத ஊர் ஒன்று அரியலூர் மாவட்டத்தில் இருக்கிறது. ஸ்ரீபுரந்தான். அங்கிருந்து களவுபோன சோழர் கால நடராசரை 2008-இல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் வாங்கியது. 2014-இல் அந்தச் சிலை இந்தியாவுக்குத் திரும்பியது. இந்தப் பெயரின் முதல் எழுத்தை ஸகரத்தில் தொடங்கியும் எழுதலாம், ‘ஶ’ என்ற எழுத்தில் தொடங்கியும் எழுதலாம். அந்த எழுத்து 2005-இல்தான் யுனிகோட்டில் சேர்ந்தது. பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவத்தைத் தரும். முகவரியில் நீளமும் ஒன்றே. முதல் எழுத்தின் மூன்றாம் பைட்டு மட்டும் ஒன்றில் 184, மற்றதில் 182. யுனிகோடு இவற்றைச் சமமென்று கொள்ளாததால் இயல்பாக்கம் இரண்டையும் அப்படியே விட்டுவிடும். ‘கௌ’ என்பதை ஔகாரக் குறியால் எழுதாமல் கொம்பும் ளகரமும் சேர்த்து எழுதுவதும் இந்த வகைதான். இத்தகையவற்றுக்கு அந்தந்தச் செயலியே தனி அட்டவணை வைத்துக்கொள்ள வேண்டும். சிலைத் திருட்டைத் தேடும் ஆய்வாளருக்கு ஊர்ப்பெயர்தான் முதல் பிடி. ஒரு பைட்டு வேறுபாட்டால் ஓர் ஆவணம் கைநழுவினால் அது சின்ன இழப்பல்ல.

சிலைகளை அடையாளம் காண உதவியவற்றில் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் பழைய நிழற்படங்களும் உண்டு. அந்நிறுவனத்தின் பிரெஞ்சுப் பெயரிலேயே அடிக்கொக்கியிட்ட எழுத்தும் தலைக்கோடிட்ட எழுத்தும் இருக்கின்றன. இந்தியவியல் அறிஞர்கள் ஊர்ப்பெயரை ரோமனில் எழுதும்போது ழகரத்துக்கும் ணகரத்துக்கும் நெடிலுக்கும் மேலோ கீழோ கோடும் புள்ளியும் இடுவார்கள். பழைய மேலை ஐரோப்பியக் குறியேற்றத்தில் பிரெஞ்சின் தலைக்கோடிட்ட எகரம் ஒரே பைட்டு, 233. யூ.டி.எஃப்-8-இல் இரண்டு பைட்டுகள், 195-உம் 169-உம். அனுப்புகிறவர் ஒன்றையும் வாங்குகிறவர் மற்றதையும் கொண்டால் எழுத்து சிதைந்துபோகும். தமிழில் இதன் விளைவை எல்லோரும் பார்த்திருக்கிறோம். 224-ஐயும் 174-ஐயும் ஐரோப்பிய எழுத்தாக வாசிக்கும் நிரல், தலைக்கோடிட்ட அகரத்தையும் வட்டத்துக்குள் இருக்கும் வணிகப் பதிவுக் குறியையும் வரிவரியாகக் கொட்டும். அது எழுத்துருக் கோளாறல்ல, பைட்டுகளைத் தவறான முறையில் வாசித்தது.

இப்போது எனக்கு மிகவும் உறுத்தும் இடத்துக்கு வருகிறேன். செய்தித் தலைப்பிலிருந்து முகவரியைத் தானாக உருவாக்கும் நிரல்கள். பைத்தானில் எழுதிய ஜாங்கோ என்னும் புகழ்பெற்ற கட்டமைப்பில் இதற்கொரு செயற்கூறு உண்டு. இயல்பான அமைப்பில் அது ரோமன் அல்லாத எழுத்தையெல்லாம் நீக்கிவிடும். ‘பெரம்பலூர் 2024’ என்று கொடுத்தாலும் ‘அரியலூர் 2024’ என்று கொடுத்தாலும் கிடைப்பது ‘2024’ மட்டும். இரண்டு மாவட்டமும் ஒன்றாகிவிட்டன. யுனிகோட்டை அனுமதி என்று சொல்லிவிட்டால் இன்னும் மோசம். எழுத்தா இல்லையா என்று பைத்தான் சோதிக்கும் முறையில் கொம்பும் காலும் புள்ளியும் ‘எழுத்து’ ஆவதில்லை, எழுத்தோடு ஒட்டும் குறிகளாகவே கொள்ளப்படுகின்றன. ஆகவே அவை உதிர்ந்துவிடும். பெரம்பலூர் ‘பரமபலர’ ஆகும், அரியலூர் ‘அரயலர’ ஆகும். புள்ளியும் உயிர்க்குறியும் எழுத்தின் உடம்பு என்பதை ஆனா ஆவன்னா படித்த பிள்ளையும் அறியும். அந்த அறிவு நிரலுக்குள் போகவில்லை. குறிகளையும் எழுத்தோடு சேர்த்து அனுமதிக்கும்படி விதியை மாற்றினால் சிக்கல் தீர்ந்தது.

வேர்டுபிரஸ் எழுத்துகளை உதிர்ப்பதில்லை, வெட்டிவிடுகிறது. தலைப்பிலிருந்து அது உருவாக்கும் முகவரித் துண்டுக்குக் குறியேற்றிய நிலையில் 200 குறிகளே எல்லை. ஆங்கிலத்துக்கு அது தாராளம். தமிழுக்கு 22 குறியீடுகள். ‘கங்கைகொண்ட சோழபுரம் பிரகதீஸ்வரர் கோயில்’ என்று தலைப்பிட்டால் முகவரியில் ‘கங்கைகொண்ட-சோழபுரம்-பிரக’ என்று நின்றுவிடும். இது 200-ஐ அச்சாகத் தொடுகிறது. இறைவன் பெயர் நடுவில் முறிந்தது கண்ணை உறுத்தும். அதைவிட நடைமுறைத் தொல்லை, ஒரே ஊரைப் பற்றிய நீளத் தலைப்புகள் எல்லாம் ஒரே துண்டாகி, பின்னால் 2, 3 என்று எண் ஒட்டிக்கொண்டு வருவது. கட்டுரை வெளியிடும் முன் முகவரித் துண்டைக் கையால் சுருக்கி எழுதுவது ஒரு நிமிட வேலை. இதைத் தெரிந்த ஆசிரியர் குழுக்கள் அப்படித்தான் செய்கின்றன.

தளத்தின் பெயர்ப் பகுதி மட்டும் வேறு விதி. அங்கே சதவீதக் குறி செல்லாது. 2003-இல் வந்த பியூனிகோடு என்ற முறையில் தமிழ் எழுத்துகள் ரோமன் சரமாக மாற்றப்படுகின்றன. 2007-இல் இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பு பதினோரு மொழிப் பெயர்களைச் சோதனைக்கு விட்டபோது தமிழும் அதில் இருந்தது. இன்று .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் ஆகிய மூன்று நாட்டு முடிவுகள் தமிழில் உள்ளன.

‘இவ்வளவு தொல்லைக்கு ரோமனே மேல்’ என்பவர்களுக்கு ஒரு கேள்வி: எந்த ரோமன்? ஜெயங்கொண்டத்துக்கு ரோமனில் எத்தனை எழுத்துக்கூட்டல் என்று பெயர்ப்பலகைகளைப் பார்த்தாலே தெரியும். தமிழக அரசு 2020 ஜூனில் 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கேற்ப மாற்றி ஆணையிட்டது. சில நாட்களிலேயே அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டது. ரோமன் எழுத்துக்கூட்டலை நம்பி முகவரி அமைத்த தளம் எதுவானாலும் அந்த வாரத்தில் இரண்டு முறை ஆடியிருக்கும். தமிழில் அந்த ஊர்களின் பெயர் ஒரு நாளும் மாறவில்லை. முகவரியில் தமிழ் இருப்பதைத் தேடுபொறிகளும் எதிர்ப்பதில்லை. முகவரியில் வாசகரின் மொழிச் சொற்களையே பயன்படுத்துங்கள், சொற்களைச் சிறுகோட்டால் பிரியுங்கள் என்பதுதான் கூகுள் வலைத்தள உரிமையாளர்களுக்குத் தரும் வழிகாட்டுதல்.

ஆனால் பெயரை மட்டும் நம்பி முகவரி அமைக்கக் கூடாது என்பதையும் இந்த இரண்டு மாவட்டங்களே கற்றுத்தருகின்றன. மாவட்டம், வட்டம், ஊர் என்று அடுக்கிப் பாதை அமைப்பது நிரலாளர்களின் இயல்பு. செந்துறையை எடுத்துக்கொள்ளுங்கள். 1995 வரை அது திருச்சிராப்பள்ளி மாவட்டம். அந்த ஆண்டில் பெரம்பலூர் மாவட்டம் பிறந்தபோது அதற்குள் வந்தது. 2001-இல் அரியலூர் தனி மாவட்டமானது, 2002-இல் மீண்டும் பெரம்பலூரோடு இணைந்தது, 2007-இல் மறுபடி பிரிந்தது. பன்னிரண்டு ஆண்டில் ஓர் ஊரின் முகவரி நான்கு முறை மாறியிருக்கும், ஊர் ஓரடி நகராமலே.

எனவே என் பரிந்துரை: ஊருக்கோ கட்டுரைக்கோ மாறாத எண் ஒன்று கொடுத்து அதை முகவரியில் முன்னால் வையுங்கள், அதன் பின் சாய்கோடு, அதன் பின் தமிழ்ப் பெயர். சர்வர் எண்ணை மட்டும் பார்த்துப் பக்கத்தைத் தரட்டும். பெயர் வாசகருக்கும் தேடுபொறிக்கும். நடுவில் வெட்டுப்பட்டாலும், கொம்பும் காலும் பிரிந்து வந்தாலும், ஒற்று மிகாமல் வந்தாலும் பக்கம் திறக்கும். திறந்தபின் 301 என்ற நிரந்தரத் திசைமாற்றத்தால் சரியான பெயருள்ள முகவரிக்கு உலாவியைத் திருப்பிவிடலாம். ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளம் நெடுங்காலமாக இப்படித்தான் இயங்குகிறது. எண் முன்னால் வருவதால், அச்சில் கொடுக்க வேண்டிய இடத்தில் எண்ணோடு நிறுத்திக்கொள்ளலாம், வாட்ஸ்அப்பிலும் அப்படியே.

இதைச் சோதிக்கத் தனிக் கருவி தேவையில்லை. புதிய செயலியை வெளியிடும் முன் இந்த வட்டாரத்தின் ஐந்தாறு பெயர்களை உள்ளிட்டுப் பார்த்தால் போதும்: இடைவெளியோடும் இல்லாமலும் கங்கைகொண்ட சோழபுரம், பிரித்த வடிவில் கொள்ளிடம், இரண்டு விதமாகவும் ஸ்ரீபுரந்தான், நடுவில் புள்ளி வரும் வி.களத்தூர், 112/3 என்று ஒரு புல எண், வேர்டு கோப்பிலிருந்து நகலெடுத்து ஒட்டிய கரைவெட்டி பறவைகள் சரணாலயம். கடைசியில் சொன்னதில், வேர்டு சில வேளை சாதாரண இடைவெளிக்குப் பதிலாக வரி முறியாத இடைவெளியைப் போட்டிருக்கும். அது 194, 160 என்று இரண்டு பைட்டுகளாக முகவரிக்குள் போகும், %20 ஆகாது. பெயர் நுழையும் வாசலிலேயே அதைச் சாதாரண இடைவெளியாக மாற்றிவிட வேண்டும்.